எழுபது வளைவும் வண்டிதானே திரும்பிச்சு!

('நடையின் சுகம் பெரிதும் கிடைப்பது விடுமுறைப் பயணத்திலா? அன்றாட வாழ்விலா?' என்ற தலைப்பில், 'அன்றாட வாழ்விலே' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக் கொண்டிருக்கும் நண்பர்களே, என் அணித் தோழர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்கிற கவலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சேலத்துத் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசின எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "போன லீவுக்குக் கொல்லிமலை போனேன். காரவள்ளி அடிவாரத்துல இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. அடடா, என்ன காற்று! என்ன பசுமை! மலை ஏறின சுகமே சுகம்" அப்படின்னார். நானும் ரொம்ப நேரமா யோசிச்சுப் பார்க்கிறேன். அய்யா, எழுபது வளைவும் வண்டிதானே திரும்பிச்சு! நீங்க எங்கே நடந்தீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

வண்டி ஏறிச்சு. நீங்க உட்கார்ந்திருந்தீங்க. முப்பதாவது வளைவுல உங்க வீட்டம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாங்க. ஐம்பதாவது வளைவுல பையன் வாந்தி எடுத்தான். செம்மேட்டுல இறங்கி டீ குடிச்சீங்க. அதுக்குப் பிறகு ஆகாய கங்கை அருவி. அங்கேதான் வசமா மாட்டினார் நம்ம நண்பர். ஏன்னா அருவிக்கு வண்டி போகாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. இறங்கும்போது எல்லாரும் அண்ணாமலை ரஜினி மாதிரிதான் இறங்குவாங்க. ஏறும்போதுதான் தெரியும், யார் யார் எந்தெந்தப் படியில உட்கார்ந்திருக்காங்கன்னு. அவரே இந்த மேடையில் ஒத்துக்கிட்டார், ஊருக்குத் திரும்பின பிறகு மூணு நாள் காலை மடக்க முடியலைன்னு. இதுக்குப் பேரு சுகமா நடுவர் அவர்களே? (சிரிப்பு)

நான் அவரைக் கேலி செய்ய வரவில்லை. மலைக்குப் போவது நல்ல விஷயம்தான். சங்ககிரிக் கோட்டைக்கு ஒவ்வொரு வாசலாகத் தாண்டி ஏறிப் பாருங்கள். 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலை அது என்கிற நினைப்பு வந்தால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஏற்காட்டில் மே மாதக் குளிரில் ஏரியைச் சுற்றி நடப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தலைப்பு என்ன? நடையின் சுகம் பெரிதும் கிடைப்பது எங்கே என்பதுதானே? வருஷத்துக்கு மூணு நாள் போகிற இடத்திலா, மீதி 362 நாள் வாழ்கிற இடத்திலா? அந்த மூணு நாள் மலையில் இனிக்க வேண்டும் என்றாலே, மீதி நாட்களில் தெருவில் நடந்த கால் வேண்டுமே!

நம்ம ஜில்லாக்காரர் சம்பந்தப்பட்ட கதை ஒண்ணு சொல்கிறேன். 1930-ஆம் வருஷம். காந்தியடிகள் தண்டிக்கு நடக்கிறார். 240 மைல், 24 நாள். வயசு அறுபது. அடுத்த மாசம், ஏப்ரல் 13-ஆம் தேதி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி கிளம்புகிறார். இதே சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917-லிருந்து 1919 வரை இந்த ஊர் நகரசபைத் தலைவராக இருந்தவர். ஏறத்தாழ நூறு தொண்டர்கள், 150 மைல், பதினைந்து நாள். அந்தத் தொண்டர்கள் களைப்புத் தெரியாமல் நடப்பதற்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் யார்? நம்ம நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. சேலத்துக்காரர் நடந்தார், நாமக்கல்காரர் பாடினார்! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இப்போ சிரிக்கிறார். "பார்த்தீங்களா, அதுவும் ஒரு பயணம்தானே, எங்க கட்சிக்குத்தானே சாதகம்" என்று குறிப்பு எழுதுகிறார். கொஞ்சம் பொறுங்க அண்ணா. அறுபது வயதுக் காந்தி தினம் பத்து மைல் நடந்தாரே, அந்தக் கால் எங்கே பழகியது? தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். லண்டனில் சட்டம் படித்த காலத்தில், வண்டிக் கூலியை மிச்சப்படுத்துவதற்காக நடந்து போகிற தூரத்தில் அறை பார்த்துக் கொண்டாராம். தினம் எட்டு, பத்து மைல். அங்கே பெரிதாக நோய்நொடி வராமல் இருந்ததற்கு அந்த நடைப் பழக்கம்தான் காரணம் என்கிறார். மாணவனாக இருந்தபோது காசை மிச்சம் பிடிக்க நடந்தவர், கிழவரான பிறகு ஒரு சாம்ராஜ்யத்தையே நடந்து கலங்கடித்தார். தண்டி யாத்திரைக்கு முந்தின நாள் ராத்திரி புது ஷூ வாங்கினவர் இல்லை அவர்! (சிரிப்பு)

அடுத்ததாக, என் அன்பான லாரித் தொழில் குடும்பத்தாருக்காக ஒன்று. நாமக்கல் என்றால் லாரி, முட்டை. இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பட்டிமன்றம் நடத்த முடியுமா? 1953-ஆம் வருஷம் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்கிற டாக்டர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். லண்டனில் ஓடுவது மாடி பஸ். ஒரே பஸ், ஒரே டிப்போ. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் ஏறி இறங்கிக் கொண்டே இருக்கிறார். கணக்குப் பார்த்தால், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு தெளிவாகக் குறைவு. டிரைவர்களுக்கு அதிகம். அந்தக் கண்டக்டர் என்ன லீவு போட்டு இமயமலைக்கா போனார்? "டிக்கெட், டிக்கெட்"னு தன் வேலையைத்தான் பார்த்தார். இதயம் பிழைச்சுக்கிச்சு! (கைதட்டல்)

இங்கே இன்னொரு நண்பர் "தினம் பத்தாயிரம் அடி நடக்கணுமாமே, அதெல்லாம் குடும்பஸ்தனால் முடியுமா?" என்று கேட்டார். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடியை எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. அதற்கு 'மான்போ கெய்' என்று பேர் வைத்தது. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லீங்க, வியாபாரி வைத்த பேர்! 2019-இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களை வைத்துப் பார்த்தார்கள். சராசரி வயசு 72. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம். நாளுக்கு 22 நிமிஷம்கூட வராது. ஒரு சீரியலுக்கு ஆகிற நேரம்! (சிரிப்பு) எந்த சீரியல் என்று நான் சொல்ல மாட்டேன். இது டி.வி.யில் வரப் போகிற நிகழ்ச்சி.

இருங்க, நானே தடம் மாறிவிட்டேன். சர்க்கரை, மாரடைப்பு, ரத்த அழுத்தம் என்று பேசிக்கொண்டே போனால் எதிரணிக்குத்தான் வசதி. "பாருங்க, அன்றாட நடை என்றாலே மருந்துச் சீட்டு. சுகம் எங்கே இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, கையை வீசி வீசி, யாரிடமோ கடன் வசூல் பண்ணப் போகிற மாதிரி நடக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். மூணு ரவுண்டு முடிந்ததும் நேராகப் போய் ஒரு தட்டுவடை செட்டு, அப்புறம் இன்னொரு தட்டுவடை செட்டு! (பலத்த சிரிப்பு) சேலத்தில் இந்த வார்த்தையைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம் என்று எனக்குத் தெரியும்.

சுகம் எங்கே இருக்கு என்று கேட்டீர்கள். நான் நாமக்கல்லில் தமிழாசிரியை. பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறேன். விடியற்காலையில் அந்த மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் நடுவில் ஒரே கல். சூரியன் வருவதற்கு முன்னால் அது சாம்பல் நிறம். வெயில் தொட்டதும் மேலே மட்டும் செம்மண் நிறம் ஏறும். அந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வரும். கமலாலயக் குளத்தங்கரையில் நின்றால் தண்ணீரில் தெரிவது ஒரு கோட்டை, தலைக்கு மேலே ஒரு கோட்டை. இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து பணம் கட்டி வருகிறார்கள். எனக்குத் தினமும் இலவசம்!

நடக்கிறவனுக்குத்தான் ஊர் காதிலும் மூக்கிலும் ஏறும். பள்ளிபாளையத்தில், குமாரபாளையத்தில் ஒரு தெரு நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஒரு தாளம். அது திடீரென்று நின்றால், மின்சாரம் போச்சு என்று அர்த்தம். அப்போதுதான் அந்தத் தெருவில் குழந்தை அழுகிற சத்தமே கேட்கும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசிக் களத்தில் மாவு காய்கிற அந்தப் புளித்த வாசம். பரமத்தி வேலூர்ப் பக்கம் பிலிக்கல்பாளையத்தில் வெல்லம் காய்ச்சுகிற வாசம். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டுப் போகிறவருக்கு இதில் எது கிடைக்கும்? அவருக்கு ஆத்தூரும் ஒன்றுதான், அமெரிக்காவும் ஒன்றுதான். (கைதட்டல்)

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். எதிரணியிடம் மட்டும் இல்லை, என் அணியில் இருக்கும் ஆண்களிடமும் சேர்த்துத்தான். இவ்வளவு நேரம் பேசிய ஆறு பேரும் "நடங்க, நடங்க" என்று சொன்னீர்கள். யார் நடக்கலாம் என்று சொன்னீர்களா?

ஓர் ஆண் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "ஏனுங்க, காத்தாடப் போறீங்களா" என்று கேட்பார்கள். போய் வருவார். ஒரு பொம்பளை ரோட்டில் கைவீசி நடந்து போகட்டும். முதல் வீட்டுக்காரர், "ஏனுங்க அம்மிணி, வண்டி ரிப்பேருங்களா?" அடுத்த வீட்டம்மா, "ஏங்கண்ணு, வீட்டுல எதாச்சும் சண்டையா?" மூணாவது வீட்டில் ஒரு பெரியம்மா, ரொம்ப அக்கறையாக, "டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரா சாமி?" (சிரிப்பு) சிரிக்கிறீங்க. நம்ம வீட்டுப் பெண் காரணமே இல்லாமல், சும்மா, ஆசைக்கு நடக்கலாம் என்று ஒருத்தர் மனசிலும் தோன்றவில்லை பாருங்கள்! ஒன்று வண்டி கெட்டிருக்கணும், இல்லை குடும்பம் கெட்டிருக்கணும், இல்லை உடம்பு கெட்டிருக்கணும். (பலத்த கைதட்டல்)

இன்னும் ஒரே ஓர் அனுமதிச் சீட்டு இருக்கிறது. வேண்டுதல்! பழனிக்குப் பாதயாத்திரை என்றால் எத்தனை நாள் நடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடிக் காவடி போவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊரே திரண்டு நடந்து போய் பழனி மலைமேலேயே ராத்தங்கும் உரிமை உள்ளவர்கள் அவர்கள். திருச்செங்கோட்டில் பௌர்ணமி கிரிவலம் என்றால் பெண்கள்தான் அதிகம். நான் சாமிக்கு நடப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் நடந்திருக்கிறேன். கிரிவலத்தில் அந்தப் பெண்கள் முகத்தைப் பாருங்கள். வாய் கொள்ளாத பேச்சு, சிரிப்பு. நிலா வெளிச்சம், கூட்டாளிகள், சமையல் இல்லாத ஒரு ராத்திரி. பக்தி பாதி, சுதந்திரம் பாதி! அந்தப் பாதியைத் தினம் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

சேலத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லாமல் போனால் பாவம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறீர்கள். இந்த ஊர்க் கொலுசு இந்தியா பூரா போகிறது. பெண்ணோட காலுக்கு இவ்வளவு அழகாக நகை செய்கிற ஊரில், அந்தக் கால் எட்டு வைத்து நடக்க ரோட்டோரத்தில் ஒரு நடைபாதை வேண்டாமா? நடைபாதை இருக்கிற இடத்திலும் அதன்மேல் கடை, கடை முன்னால் பைக், பைக்குக்கு முன்னால் சாக்கடை மூடி, அந்த மூடியும் பாதிதான்! ஐந்து ரோட்டில் 2020-இல் காருக்கு இரண்டு அடுக்கில் பாலம் திறந்தாச்சு. கீழே ஒரு பாட்டி ரோட்டைத் தாண்ட எத்தனை நிமிஷம் நிற்கிறாள் என்று பாருங்கள். (கைதட்டல்)

"பெண்கள் இப்படி வெளியே நடப்பது நம்ம பண்பாடா?" என்று யாராவது கேட்கலாம். நான் தமிழாசிரியை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது! பத்துப்பாட்டு இருக்கிறதே, அதில் பத்தில் ஐந்து ஆற்றுப்படை. ஆற்றுப்படை என்றால் என்ன? இந்த வழியாகப் போ, இந்த மலையைத் தாண்டு, இன்னாரைப் பார் என்று வழி காட்டுகிற பாட்டு. உலகத்தில் எந்த இலக்கியம் வழிநடைக்கு இப்படி ஒரு தனி வகையே வைத்திருக்கிறது, சொல்லுங்கள். புறநானூறு 152-ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அடித்த கதை உங்களுக்குத் தெரியும். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலையில் அவனுக்கு விழா எடுக்கிறோம். ஆனால் அந்த அம்பை நேரில் பார்த்தது யார்? காட்டு வழியே நடந்து வந்த பாணர் கூட்டம். அந்தக் கூட்டத்தில் விறலியர் இருந்தார்கள். பாடுகிற, ஆடுகிற பெண்கள்! அவர்கள் நடந்து வந்ததால்தான் வேடன் வேஷத்தில் நின்றவன் ஓரி என்பதே தெரிந்தது. இறைச்சியும் பொன்னும் மணியும் பரிசாகக் கிடைத்தது. இன்றைக்கு அந்த விறலி நாமக்கல்லில் இருந்து கிளம்பினால், "யார்கூடம்மா போறே, எத்தனை மணிக்கு வருவே" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்தியிருப்போம். ஓரி கதையே நமக்குக் கிடைத்திருக்காது! (பலத்த கைதட்டல்) அவ்வை தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாளே, தகடூர் இதோ பக்கத்துத் தருமபுரிதானே, அவள் என்ன வீட்டுக்காரரிடம் லெட்டர் வாங்கிக்கொண்டா போனாள்?

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் அமுச்சிக்கு ஊர் சேந்தமங்கலம் பக்கம். வாசலில் நின்றால் கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கும். ஆடி மாசம் அறப்பளீஸ்வரரைப் பார்க்க அமுச்சி நடந்தே மேலே போவார்கள். கட்டுச்சோறு மூட்டை தலையில். முதல் கோழி கூப்பிடும்போது கிளம்பி, உச்சி வெயிலுக்கு முன்னால் மலைமேல் இருப்பார்களாம். அறுபது வயது வரைக்கும் போயிருக்கிறார்கள். பெரிய சாகசம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தினம் காட்டுக்கும் வீட்டுக்கும் சந்தைக்கும் நடந்த கால், ஒரு நாள் கொஞ்சம் செங்குத்தாக நடந்தது, அவ்வளவுதான்.

எங்கம்மா நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டார்கள். அப்பாவிடம் டி.வி.எஸ். 50 இருந்தது. கடை, கோயில், விசேஷம் எல்லாம் அதில்தான். ஐம்பத்து நாலு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அம்மா எங்கே நடந்தார்கள் தெரியுமா? மொட்டை மாடியில்! தண்ணித் தொட்டியைச் சுற்றி எட்டு போட்டு. ஏம்மா தெருவில் நடக்கக் கூடாது என்றால், "போகண்ணு, நாலு பேர் கேப்பாங்க" என்பார்கள். அந்த வருஷம் கோடை லீவுக்குக் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கொல்லிமலை போனோம். எதிரணி புகழ்கிற அதே விடுமுறைப் பயணம். ஆகாய கங்கைப் படியில் முப்பது படி இறங்கினார்கள் அம்மா. முட்டி நடுங்கிவிட்டது. மேலே ஏறி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். நாங்கள் அருவியில் குளித்துவிட்டு வரும்வரை மூணு மணி நேரம், எல்லார் செருப்புக்கும் பைக்கும் காவல். திரும்பி வரும்போது வேனில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவே சொன்னார்கள்: "எங்கம்மா இந்த மலையைக் கீழே இருந்து ஏறினா. நான் மேலே இருந்து எறங்க முடியலை."

(சிறிது அமைதி)

அந்த வாக்கியம்தான் அவர்களை மாடியை விட்டு இறக்கியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர், பால் ஊற்றுகிறவர், ஓய்வு பெற்ற டீச்சரம்மா, எங்கம்மா. நாலு பேர். விடிகாலை ஐந்தரைக்குக் கோட்டையைச் சுற்றின தெருக்களில் நடக்க ஆரம்பித்தார்கள். ஒரு திருப்பத்தில் விளக்கு கிடையாது. நாலு பேரும் ஆளுக்கொரு டார்ச் எடுத்துக்கொண்டார்கள். ஊர் கேட்டது, கேட்காமல் இருக்குமா? டீச்சரம்மா எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "சும்மாத்தானுங்க!" ஒரு மாசத்தில் கேட்டவர்களில் ரெண்டு பேர் கூடவே நடக்க வந்துவிட்டார்கள். (கைதட்டல்)

இரண்டு வருஷம் கழித்து மறுபடி கொல்லிமலை. அம்மா படி அத்தனையும் இறங்கினார்கள். நின்று நின்றுதான். அருவிச் சாரலில் முகத்தை நனைத்துக்கொண்டு ஏறி வர ரெண்டு மணி நேரம் ஆனது. மேலே வந்ததும் எங்களை விட்டுவிட்டு, அங்கே அன்னாசிப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு மலைவாசிப் பெரியவரிடம் போனார்கள். "ஏனுங்க அய்யா, சேந்தமங்கலத்துக்காரங்க முன்னே நடந்து வருவாங்களே, அந்த ஒத்தையடிப் பாதை எந்தப் பக்கமுங்க?" அவர் கையை நீட்டிக் காட்டினார். அம்மா அந்தத் திசையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நடுவர் அவர்களே, அந்த இரண்டாவது பயணத்தின் சுகத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? விடுமுறைக் கணக்கிலா? இரண்டு வருஷம் தெருவில் நடந்த கணக்கிலா? விடுமுறை முதல் தடவையும்தான் கிடைத்தது. கிடைத்தது ஒரு கல்லு! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்கிறீர்கள். இரண்டே நிமிஷம் அய்யா. எதிரணித் தலைவர் குரங்கணியைச் சொன்னார். 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் மலையேறப் போன குழு காட்டுத் தீயில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதில் நம் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெண்கள் நிறையப் பேர். அதைப் பேசும்போது யாரும் கைதட்ட முடியாது. அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 40 பாதைகளை முறைப்படி, வழிகாட்டியோடு திறந்தது. அது சரியான வழி. ஆனால் பல வீடுகளில் என்ன நடந்தது? "பொம்பளைப் பிள்ளைக்கு மலை எதுக்கு, நடை எதுக்கு" என்று கதவைச் சாத்தினார்கள். ரோட்டில் லாரி மோதினால் நம்ம ஊரில் யாராவது டிரைவர் வேலையே வேண்டாம் என்று சொன்னோமா? ரோட்டைச் சரிபண்ணு என்றுதானே சொன்னோம்? நடைக்கு மட்டும் ஏன் வேற நியாயம்?

நான் மலைப்பாதை கேட்கவில்லை. அதை எதிரணி நண்பர்களே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்தத் திருப்பத்தில் ஒரு விளக்கு. மூடி உடையாத ஒரு சாக்கடை. சேலத்தில் 2010 வாக்கில் பொதுமக்கள் சேர்ந்து மூக்கனேரியைத் தூர்வாரிச் சீர்படுத்தினீர்களே, அந்த மாதிரி ஊருக்கு ஓர் ஏரிக்கரை, நாலு பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நிற்காமல், தெரு முனையில் நிற்கட்டும். பிள்ளை அந்த நூறு அடியாவது நடந்து வரட்டும்.

எதிரணித் தலைவர் நாளைக்கு நாமக்கல் வழியாகத்தான் கொல்லிமலை போகிறாராம். வேன் ஏறுவதற்கு முன்னால், ஐந்தரை மணிக்குக் கமலாலயக் குளத்தங்கரைக்கு வாங்க அண்ணா. எங்கம்மா கூட்டாளிகளோடு ஒரு சுற்று நடங்க. அவர்கள் வேகத்துக்கு ஈடு கொடுத்துவிட்டீர்கள் என்றால், தீர்ப்பை உங்கள் பக்கமே சொல்லும்படி நானே நடுவரிடம் சிபாரிசு பண்ணுகிறேன்! (சிரிப்பு, பலத்த கைதட்டல்) அதுவரைக்கும், நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.